கை படக் கொடுத்த சோறு

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோபம் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு உரியது. ஓசூரில் ஜப்பான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நடந்த ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னியாக இருந்தேன். கடுகளவு பற்சக்கரங்களை லென்ஸ் வழியாகப் பார்த்து, பல் உடைந்ததைத் தனியே எடுத்துப் போடும் வேலை. இரண்டு வருடம் முடிந்தால் ட்ரெய்னிகளுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பாமல் இருக்க ஒரே வழி, ஜப்பானுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போய் வருவது. போய் வந்தவர் பர்மனென்ட். அந்த வருடம் மூன்று இடம் இருந்தது. முதல் சுற்றில் தேர்வான ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண்.

வேலையில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் அந்தத் தடவை கையைப் பார்த்து ஆள் எடுக்கவில்லை, வாயைப் பார்த்து எடுத்தார்கள். முந்தைய வருடம் போனவர்களில் இருவர் இரண்டே மாதத்தில் திரும்பிவிட்டார்கள். ரொட்டியும் வாழைப்பழமுமாகத் தின்று துரும்பாக இளைத்து, அதில் ஒருவர் ஆஸ்பத்திரியில் வேறு படுத்து எழுந்து வந்தார். இனிமேல் சாப்பிடத் தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்புங்கள் என்று அங்கிருந்து கடிதம் வந்ததாம். எங்கள் பர்சனல் ஆபீசர் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலுக்குள் ஜப்பான்காரர் ஒருவரே நின்று செய்து கொடுக்கும் சின்ன உணவகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஆறு பேரையும் அங்கே கூட்டிப் போவது, ஆபீசரும் எங்கள் ஜப்பான் எஞ்சினியரும் கூடவே உட்கார்ந்து, யார் சாப்பிடுகிறார்கள், யார் முழிக்கிறார்கள் என்று பார்ப்பது.

அங்கே மெனு கார்டு கிடையாது என்று எஞ்சினியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சமைப்பவர் எதைக் கொடுக்கிறாரோ அதைச் சாப்பிட வேண்டும். அதற்கு ‘ஒமகசே’ என்று பெயர், உங்கள் இஷ்டம் என்று அவரிடமே விட்டுவிடுவது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்ததைச் சாப்பிடுவதற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு நட்சத்திர ஓட்டல்! எங்கள் வீட்டில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் பழம் பிரிக்கும் என் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இல்லாத வீடு. நான் போவதும் போகாததும் அவள் சரி சொல்வதில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை.

“வேலைக்குப் போறேன்னே, வுட்டேன். ஆஸ்டல்ல தங்குறேன்னே, அதுக்கும் வுட்டேன். கடல் தாண்டி என்னாத்துக்கு? தெரியாத ஊர்ல எந்த மூலையில உக்கார வெச்சு உனக்குச் சோறு போடுவானுங்களோ! நாங்க இங்க பட்டது பத்தாதா?” என்றாள்.

“அங்க போனாத்தாம்மா வேலை நிக்கும்” என்று கத்தினேன். அவளும் கத்தினாள். சாப்பிடாமலே பஸ் ஏறி ஓசூருக்கு வந்துவிட்டேன். முதலில் தேர்வாகட்டும், அம்மாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் பயம்தான்.

அந்த ஒரு வாரம் ஆளாளுக்குத் தயாரானோம். ஜப்பானில் குச்சியால்தான் சாப்பிடுவார்கள் என்பதால் நான் ஆஸ்டல் துடைப்பத்திலிருந்து இரண்டு தடித்த ஈர்க்குச்சிகளை உருவி, அவற்றால் வேர்க்கடலையைப் பிடித்து எடுக்கப் பழகினேன். கடலை அறையெல்லாம் ஓடியது. எங்கள் ஆறு பேரில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் தயாராகவே இல்லை. “மீனுக்கா பயப்படுதீய? நான் பொறந்ததே கடக்கரைல. நமக்கு ஒரு சீட்டு உறுதி” என்று கேண்டீன் முழுக்கப் பெருமை பீற்றிக்கொண்டு திரிந்தார். கும்பகோணத்துக்காரர் ஒருவர் பிறவியிலேயே சைவம். அவர் தன் சர்டிபிகேட்டுக்குப் பிளாஸ்டிக் உறையே வாங்கி வைத்துவிட்டார்.

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலபுலனோடு இருந்த பண்ணை வீட்டுப் பையன். அவர்கள் காட்டில் என் அம்மாவின் சொந்தக்காரர்கள் கூலிக்குப் போயிருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொழிற்சாலையில் இரண்டு பேரும் ஒரே சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்ததால் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்கு வேன் அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபோது, பச்சை மீன் பேச்சு வந்தது. அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“உங்களுக்கு என்ன, எதையும் தின்னு பழக்கம்.”

வேனில் எல்லாருக்கும் கேட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ஆமாங்க. நாங்க பசிச்சா எதையும் தின்னுவோம். நீங்க பசிக்காமலே தின்னுவீங்க” என்றேன்.

தூத்துக்குடிக்காரர் சிரித்தார். பண்ணை வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

உணவகம் எங்கள் ஆஸ்டல் அறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரே ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் எட்டு நாற்காலி. பலகையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்ததில், கையை வைக்கவே கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் ஐம்பது வயதுள்ள ஒரு ஜப்பான்காரர், வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலைமுடி, கையில் முழ நீளக் கத்தி. கொச்சியிலிருந்து காலையில் விமானத்தில் வந்த மீனாம். ஆபீசர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லாமல் எல்லாரும் தள்ளித் தள்ளி இடம் பிடித்தார்கள். கடைசியில் நுழைந்த எனக்கும் பண்ணை வீட்டுக்காரருக்கும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் மிச்சம். எஞ்சினியர் மறுகோடியில் எட்டாவதாக உட்கார்ந்தார்.

சமையல்காரர் ஒரு பிடி சோற்றை எடுத்து இரண்டு அழுத்து அழுத்தி, மேலே ஒரு வெள்ளை மீன் துண்டைப் போர்த்தி ஆபீசர் முன்னால் வைத்தார். அடுத்தது எனக்கு. வைத்த கையோடு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாரமெல்லாம் பழகிய ஈர்க்குச்சி வித்தை ஞாபகத்துக்கே வரவில்லை, விரலால்தான் எடுத்தேன். சோறு வெதுவெதுப்பாகப் புளித்திருந்தது, மீன் குளிர்ந்திருந்தது. கேழ்வரகுக் களி விழுங்கி வளர்ந்த தொண்டை, ஒரே வாயில் உள்ளே போய்விட்டது.

துண்டுகள் வரிசையாக அந்தக் கோடிவரை போய்க்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். வேறு ஒருவரும் சாப்பிடவில்லை. ஆபீசர் கையை மடியில் வைத்திருந்தார். பண்ணை வீட்டுக்காரர், கும்பகோணத்துக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தங்கள் முன்னால் இருந்த துண்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பந்தியில் வளர்ந்தவர்கள். கடைசி இலைவரை பரிமாறி, பெரியவர் ஒருவர் கை வைத்த பிறகுதான் மற்றவர் கை வைப்பது வழக்கம்.

“என்னம்மா நீ? எல்லாருக்கும் வரட்டும்னு பொறுக்க மாட்டியா?” என்று ஆபீசர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அந்தக் கணம் என் ஜப்பான், என் பர்மனென்ட், எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டேன். பண்ணை வீட்டுக்காரர் தொண்டையைச் செருமியது எனக்குச் சிரிப்பாகவே கேட்டது.

சமையல்காரர் எட்டாவது துண்டை எஞ்சினியர் முன் வைத்தார், அவர் உடனே எடுத்துச் சாப்பிட்டார். பிறகு சமையல்காரர் திரும்பி வரிசையைப் பார்த்தார். தொடாமல் கிடந்த ஆறு துண்டுகளையும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. “ஈக்லே தின்னி! ஈக்லே!” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கன்னடம். இப்பவே தின்னுங்கள் என்கிறார். பெங்களூர் வந்து நான்கு வருடத்தில் அடுக்களைப் பையன்களிடம் பொறுக்கிய கன்னடம் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கன்னடத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை, களையெடுக்கும்போதே காதில் ஏறிவிடும். ஆபீசர் சென்னைக்காரர், அவருக்குப் புரியவில்லை. பண்ணை வீட்டுக்காரருக்குப் புரிந்தது, ஆனால் ஆபீசர் கை வைக்காமல் தான் வைப்பதா என்று தயங்கினார்.

“உடனே சாப்பிடணுமாம் சார். காத்திருக்கக் கூடாதாம்” என்றேன்.

ஆபீசர் நம்பவில்லை. எஞ்சினியர் அந்தக் கோடியிலிருந்து ஆமாம் என்று தலையை ஆட்டுவதற்குள் சமையல்காரர் கையை நீட்டி ஆறு துண்டுகளையும் வாரிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். சோற்றை! எனக்கு எரிச்சலாக வந்தது. என்ன மனிதர் இவர், பெரிய வித்தைக்காரராக இருந்தால் சோற்றைக் கொட்டலாமா? பிடித்த சோறு ஆறினால் கதையே முடிந்தது, ஆறியதைக் கொடுப்பது தனக்குத்தான் அவமானம் என்று எஞ்சினியர் மூலம் அவர் சொன்னார். வரிசை முழுக்க ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

புதிதாகப் பிடிக்க ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார், உனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று.

சொல்லாமல் விட்டிருக்கலாம். பசி என்று சொல்லிச் சிரித்திருந்தால் முடிந்தது. ஆனால் வேனில் ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. அவருக்குக் கன்னடத்தில் பதில் சொன்னேன். என்ன சொன்னாய் என்று ஆபீசர் கேட்டதும் தமிழிலும் சொன்னேன், வரிசைக்கே கேட்கும்படியாக.

“எங்களுக்கு யாரும் இலை போட்டதில்லை சார். ஊர்ல பெரிய வீட்டுக் கல்யாணம்னா, பந்தியெல்லாம் முடிஞ்சப்புறம் மாட்டுக்கொட்டாய் பக்கத்துல நிப்போம். கை ரெண்டையும் சேத்து ஏந்தணும். மேலேருந்து போடுவாங்க, கை பட்டுடக் கூடாதுன்னு. சோறு சுடும். வாங்குன கை காலியானாத்தான் அடுத்தது விழும். அதுக்கோசரம் வுழுந்ததும் தின்னு பழக்கம்.”

பக்கத்து நாற்காலியில் பண்ணை வீட்டுக்காரரின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ஆபீசர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். சமையல்காரர் மட்டும் ஐயோ பாவம் என்ற முகம் காட்டவில்லை. கேட்டுக்கொண்டார், தலையை அசைத்தார், அடுத்த துண்டை என் முன்னால் வைத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. நான் எடுத்து வாயில் போட்டேன். இந்தத் தடவை ஆபீசரும் காத்திருக்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் கூத்துதான். தூத்துக்குடிக்காரர் இரண்டாவது துண்டிலேயே மீனைச் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டார். கணவாய் மீன் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர், திரும்பி வந்து இஞ்சி ஊறுகாயை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றார். கும்பகோணத்துக்காரரிடம் எதைத் தொட மாட்டீர்கள் என்று கேட்ட சமையல்காரர், அவருக்கென்று வெள்ளரிக்காயும் சுட்ட கத்தரிக்காயும் காளானும் வைத்து விதவிதமாகப் பிடித்துக் கொடுத்தார். கத்தரிக்காயை வாயில் வைத்ததும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அங்கே முழு மனசாகச் சாப்பிட்டது அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் எல்லாமே பிடித்துவிடவில்லை. சிவப்பு மீன் முட்டை வாயில் வெடித்துக் குமட்டியது. அதைப் பிடிக்கவில்லை என்று கன்னடத்தில் நேராகவே சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், அதற்குமேல் எனக்கு அதை வைக்கவில்லை.

பண்ணை வீட்டுக்காரர் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பாதி கடிப்பார், சோறு பலகையில் உதிரும், மிச்சத்தை வாயில் வைத்துக்கொண்டு விழிப்பார். ஆக்டோபஸ் வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

“எப்பிடிங்க முழுங்குறீங்க?”

பதில் சொல்லாமல் விட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் வேனில் இருந்த ஆள் இல்லை.

“களி திங்குற மாதிரி. கடிக்காதீங்க. ஒரே வாய்.”

முழுதாக வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, உள்ளே போய்விட்டது. அதன் பிறகு வந்த எல்லாவற்றையும் அவர் அப்படியே சாப்பிட்டார்.

கடைசியாக ஒன்று இருக்கிறது என்றார் எஞ்சினியர். கடல்பாசியைக் காகிதம் போலக் காயவைத்து, அதில் சோற்றையும் மீனையும் வைத்துச் சுருட்டித் தருவது. தட்டில் வைத்தால் நமத்துவிடுமாம், கைக்குக் கை கொடுக்க வேண்டுமாம். ஆபீசர் பழக்கத்தில் தட்டை நீட்டினார். சமையல்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்ட, அவர் தட்டை வைத்துவிட்டு இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது என் முறை. என் கை இரண்டும் என்னைக் கேட்காமலே சேர்ந்து குழிந்து, தாழ்வாகப் போய் நின்றன. பதினான்கு வயதுக்குப் பிறகு நான் அப்படி ஏந்தியதே இல்லை. சமையல்காரர் நின்றார். என் கைகளைப் பார்த்தார். பிறகு பலகையின் மேல் நன்றாகக் குனிந்து, சேர்த்து வைத்த என் கைகளை அவரே பிரித்தார். வலது கையைப் பிடித்து நிமிர்த்தி, சுருளை அதில் வைத்து, என் விரல்களைத் தன் விரல்களால் மூடினார். அவர் விரல்கள் ஈரமாக, குளிர்ந்து இருந்தன.

நான் அழுதேன். சோற்றில் தடவியிருந்த பச்சை நிற விழுதின் காரம் என்று யாரும் நினைத்திருக்கலாம், இல்லை, நான் அழுதேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போது வேனில் பண்ணை வீட்டுக்காரர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அத்திப்பள்ளி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொன்ன அந்தக் கல்யாணம்... எங்க வீட்டுலங்களா?”

“இல்லீங்க. ஆனா உங்க வீட்டுலயும் அப்பிடித்தான்.”

“தெரியும்” என்றார். திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் மூன்று பெயர் ஒட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது கும்பகோணத்துக்காரர், தங்களுக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்களே பிழைப்பார்கள் என்று எஞ்சினியர் சொன்னாராம். மூன்றாவது பண்ணை வீட்டுக்காரர். “மீனு என்னய ஏமாத்திட்டு தங்கச்சி” என்று தூத்துக்குடிக்காரர் மனசாரச் சிரித்தார். பர்சனல் ஆபீசில் என் கையில் மட்டும் கூடுதலாக ஒரு தாள் கொடுத்தார்கள். பெண் பிள்ளை என்பதால் பெற்றவர் சம்மதித்துக் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ராயக்கோட்டைக்குப் போனேன். அம்மா மண்டியில் தக்காளிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் தாளை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை. நசுங்கியது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம் என்று கை ஓடிக்கொண்டே இருந்தது.

“என்னா குடுத்தானுங்க?” என்றாள்.

சொன்னேன். பச்சை மீன் என்றேன், கை நிற்கவில்லை. ஆறு துண்டு சோற்றைக் குப்பையில் போட்டார் என்றேன், த்சு என்று உச்சுக்கொட்டினாள், கை நிற்கவில்லை.

“கடைசியா ஒண்ணு கையில குடுத்தாரும்மா.”

கை நின்றது.

“மேலேருந்து போட்டானா?”

“இல்லம்மா. கையப் புடிச்சு வெச்சாரு.”

“பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். பிறகு, அவள் மட்டும்தான் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டாள்.

“அப்புறம் போயி கைய கழுவுனானா?”

“இல்லம்மா. அந்தக் கையாலயே பக்கத்து ஆளுக்குச் சுத்திக் குடுத்தாரு. தேன்கனிக்கோட்டை பண்ணை வூட்டுப் புள்ள. வாங்கித் தின்னாரு.”

அம்மா சிரித்தாள். மண்டியில் தராசுப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, தக்காளிச் சாறு ஒட்டியிருந்த கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் தேய்த்தாள்.

“எங்கடி வெக்கணும், காட்டு” என்றாள்.